நாலு பாடமும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 2, ஞாயிறு

அண்ணா,

நேத்து போனை வெச்சது நான்தான். லைன் கட் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காதே. உங்க சைட் ஆபீஸ் போன்ல பேசினா பின்னாடி நாலு பேர் சிரிக்கிறது கேக்குது. நீ அவங்க முன்னாடி என்னை அதட்டிக் காட்டறே, எனக்கு எரிச்சல் வருது. அதனால இனிமே கடிதம்தான். வியாழக்கிழமை தோறும் உங்க மலைக்குச் சாமான் ஏத்திக்கிட்டு வர்ற லாரி தபாலும் கொண்டுவரும்னு நீதானே சொன்னே. காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது, அது ஒரு நிம்மதி.

நேத்து நான் முழுசா சொல்லவே இல்ல. இப்ப கேட்டுக்கோ.

அடுத்த ரெண்டு வருஷத்துக்கு யார் என்ன பாடம் எடுக்கப்போறோம்னு ஸ்கூல்ல ஒரு படிவம் கொடுத்திருக்காங்க. ஏப்ரல் பத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். அதுல எட்டு அட்வான்ஸ் பாடம் இருக்கு. காலேஜ் முதல் வருஷத்துல நடத்தறதை இங்கேயே நடத்திடுவாங்க, வாராவாரம் டெஸ்ட், வீட்டுப்பாடம் மூட்டை மூட்டையா. எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா பாதியில விட்டா மார்க் ஷீட்ல 'விலகினார்'னு அச்சாகி வந்துடும். நான் சேரணும்னு துடிக்கிற காலேஜ் எதுன்னு உனக்குத் தெரியும். பாலம் கட்டற படிப்புக்கு அங்க மொத்தமே அறுபது இடம். என்ன பாடம் எடுத்தா, என்ன மார்க் வாங்கினான்னு வரி வரியா பார்ப்பாங்களாம்.

நான் நாலு எடுக்கலாம்னு இருக்கேன். கணக்கு, பிசிக்ஸ், கம்ப்யூட்டர், மொழி. மிச்ச ரெண்டும் சாதாரணப் பாடம், வரலாறும் டெக்னிகல் டிராயிங்கும். இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ 'ஆறு'ன்னே. வரலாறையும் டிராயிங்கையும் தூக்கிப் போட்டுட்டு அட்வான்ஸ் கெமிஸ்ட்ரியும் அட்வான்ஸ் பயாலஜியும் சேர்த்துக்கன்னே. பயாலஜி எதுக்குண்ணா? பாலத்துக்கு வயித்து வலி வருமா? கேட்டதுக்கு, 'நாலு போதும்கிறவ நாளைக்கு ரெண்டு போதும்பே'ன்னே. அங்கதான் வெச்சேன்.

இப்ப சிக்கல் அம்மாகிட்ட. அவங்க கையெழுத்து இல்லாம படிவம் செல்லாது. பஸ் டிப்போவுல தொலைஞ்ச பொருள் கவுன்ட்டர்ல உக்காந்து உக்காந்து அவங்களுக்குக் கையெழுத்துன்னாலே ஒரு பிடிவாதம், உனக்குத் தெரியாததா? குடையைத் தொலைச்சவர் வந்தாக்கூட ரெண்டு தடவை கையெழுத்து போடச் சொல்லி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் குடையை நீட்டுவாங்க. என்கிட்ட, 'உங்க பாடக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. நீயும் உங்கண்ணனும் ஒரே எண்ணைச் சொல்லுங்க. அவன் கையால எழுதினதைப் பார்த்தாத்தான் நான் பேனாவைத் தொடுவேன்'னுட்டாங்க.

அதனால தயவுசெஞ்சு ஒரு காகிதத்துல 'நாலு'ன்னு எழுதி அனுப்பு. ரெண்டே எழுத்துதான், கை வலிக்காது.

கோபமாத்தான் இருக்கேன். ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


மார்ச் 6, வியாழன்

ஏய் வாலு,

லாரி டிரைவர் உன் கவரைக் கொடுத்துட்டு 'என்ன, காதல் கடிதமா?'ன்னார். மிரட்டல் கடிதம்னு சொன்னேன்.

'நாலு' ரெண்டெழுத்துன்னா 'ஆறு'ம் ரெண்டெழுத்துதான். பார்த்துக்க, எழுதிட்டேன்: ஆறு. அம்மாகிட்ட காட்டு.

உன் மூளை எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஆடிக்கிட்டே இருக்குமே, ஞாபகம் இருக்கா? நான் அட்டையை மடிச்சு மடிச்சு கால்ல சொருகுவேன், அம்மா துணியைச் சொருகுவாங்க. உனக்கு அப்ப எட்டு வயசு. வந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு, மேஜையை அப்படியே லேசா திருப்பினே. இன்னும் கொஞ்சம் திருப்பினே. நாலு காலும் தரையில உக்காந்துடுச்சு. 'தரைதான் கோணல், மேஜை இல்ல'ன்னு சொல்லிட்டு விளையாடப் போயிட்டே. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவளை எங்கேயும் நிறுத்தக் கூடாதுன்னு. அப்பா இருந்திருந்தா அவரும் அதைத்தான் சொல்லி இருப்பார்.

இங்க இந்த வாரம் ஒரே ரகளை, சொல்றேன் கேளு. என் கிரேன் கூண்டுக்கு இருநூத்திப் பதினாலு படி. ஏறி உக்காந்துட்டா சாயங்காலம்தான் இறங்குவேன். கண்ணாடியில ஒரு அட்டவணை ஒட்டி இருக்கும். எவ்வளவு தூரத்துல இருக்கற சாமானை எவ்வளவு எடை வரைக்கும் தூக்கலாம்னு. பக்கத்துல இருந்தா எட்டு டன் தூக்குவேன். அதே கிரேன், கை நீளக் கடைசியில ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை, இன்ஜினியர் கடைக்கோடியில ஒரு இரும்புப் பலகையை வெச்சுக்கிட்டு தூக்குன்னார். அது இருநூறு கிலோ அதிகம். முடியாதுன்னேன். 'இருநூறு கிலோதானேப்பா, எச்சரிக்கை மணியை அணைச்சுட்டுத் தூக்கு'ன்னார். வாக்கி டாக்கில ஊரே கேக்கக் கத்தினார். நான் மெஷினை நிறுத்திட்டு, இருநூத்திப் பதினாலு படியும் இறங்கி வந்து அவர் முன்னாடி நின்னு, 'சார், அட்டவணையில இல்லாததை நான் தூக்க மாட்டேன், வேற ஆளைப் பாருங்க'ன்னேன். என் கால் உதறுச்சு, அது வேற விஷயம். கடைசியில அடியில உருளை வெச்சு பலகையைப் பத்து மீட்டர் பக்கத்துல உருட்டிக் கொண்டுவந்தாங்க. அதே கிரேன் முனகாமத் தூக்கிடுச்சு. சாயங்காலம் அவரே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

சரி, உன் விஷயத்துக்கு வர்றேன். அறுபது இடத்துக்கு ஆயிரக்கணக்குல போட்டி போடுவாங்க. நாலு எடுத்தவ, ஆறு எடுத்தவன்னு ரெண்டு பேர் நின்னா யாரை எடுப்பாங்க? ரெண்டு பாடம்தானே அதிகம், பல்லைக் கடிச்சுக்கிட்டு எடுத்துடு. டிராயிங் எல்லாம் எங்களை மாதிரி கைவேலைக்காரங்களுக்கு. உன்னால முடியாதது எதுவும் கிடையாதுன்னு நான் எழுதிக் கொடுக்கறேன்.

நேரத்துக்குத்தான் சாப்பிடறேன்.

அண்ணன்


மார்ச் 9, ஞாயிறு

அண்ணா,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை படிச்சப்போ பெருமையா இருந்துச்சு. என் அண்ணன் இன்ஜினியர் முன்னாடி நின்னு முடியாதுன்னு சொன்னான்னு வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கால் உதறினதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ரெண்டாவது தடவை படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டாம் பக்கத்துல 'இருநூறு கிலோதானே'ன்னு சொன்னவரை எதிர்த்து இருநூத்திப் பதினாலு படி இறங்கி வர்றே. மூணாம் பக்கத்துல என்கிட்ட 'ரெண்டு பாடம்தானே'ங்கறே. உனக்கே தெரியலையா? இரும்புக்குக் காட்டற இரக்கத்தை எனக்கும் கொஞ்சம் காட்டக் கூடாதா?

நான் சோம்பேறித்தனத்துல நாலுன்னு சொல்லல. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். எதிர்வீட்டு அக்கா எங்க ஸ்கூல்லதான் ஆறு அட்வான்ஸ் எடுத்திருக்காங்க. போன மாசம் அவங்க ஒரு வாரத்து வீட்டுப்பாடம் முழுக்க ஒரு பிரதி எடுத்துக்கிட்டு வந்து, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நானும் அதையே செஞ்சேன். புரியாததைப் புத்தகத்தைப் பார்த்துச் செஞ்சேன். திங்கள் ஜோரா போச்சு. செவ்வாய் போச்சு. புதன்கிழமை ஸ்கூல்லேர்ந்து வர்றப்போ பஸ்ல தூங்கிட்டேன். நம்ம ஸ்டாப்பு தாண்டி, கடைசி ஸ்டாப்பு தாண்டி, டிப்போவுக்கே போயிட்டேன். கண்டக்டர் எழுப்பி நேரா அம்மா கவுன்ட்டர்ல கொண்டுபோய் நிறுத்திட்டார். அம்மா அசரவே இல்ல. பதிவேட்டைத் திறந்து, 'பெண் பிள்ளை ஒன்று, பையுடன்'னு எழுதி, பக்கத்து சீட்டு மாமாகிட்ட 'உரிமையாளர் வந்தா ரெண்டு கையெழுத்து வாங்கிட்டு அனுப்புங்க'ன்னாங்க. டிப்போவே சிரிச்சுது. ஆனா வெள்ளிக்கிழமை செஞ்ச கணக்கை சனிக்கிழமை எடுத்துப் பார்த்தேன், அதுல ஒண்ணுகூட சரியில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடமே கோணிடுச்சு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

அப்புறம் ஸ்கூல்ல படிப்பு ஆலோசகர் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். அவங்க அந்தக் காலேஜ் அனுப்பின குறிப்பைக் காட்டினாங்க. எத்தனைன்னு மட்டும் எண்ணிப் பார்க்க மாட்டாங்களாம். நம்ம ஸ்கூல்ல என்னென்ன இருக்கு, போகப்போற படிப்புக்குத் தேவையான கஷ்டமான பாடத்தைத் தட்டிக் கழிச்சுட்டாளா, எடுத்ததை எப்படிச் செஞ்சான்னு பார்ப்பாங்களாம். 'உறுதின்னு யாரும் சொல்ல முடியாதும்மா. ஆனா ஆறுல தடுமாறறதை விட நாலுல நிமிர்ந்து நில்லு'ன்னாங்க.

டிராயிங்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நீ லீவுக்கு வர்றப்போ எல்லாம் சைட்ல வேண்டாம்னு போட்ட வரைபடத் தாளை எடுத்துட்டு வந்து என் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பே. நான் வகுப்புல போர் அடிச்சா அந்த அட்டையைத்தான் படிப்பேன். மூணாங்கிளாஸ் நோட்டுல ஒரு படிக்கட்டு, நாலாங்கிளாஸ் நோட்டுல ஒரு தூணோட அடிப்பாகம். பாலம் கட்டணும்னு எனக்கு ஆசை வந்ததே அந்த அட்டையிலேர்ந்துதான். அதைப் போய்க் கைவேலைன்னு ஒதுக்கறியே.

நாலுன்னு எழுதுண்ணா.

வாலு


மார்ச் 13, வியாழன்

வாலு,

கிரேன் இரும்பு, அதுக்கு மனசு கிடையாது, அதனால அட்டவணை. உனக்கு மனசு இருக்கு. ரெண்டையும் ஒண்ணா பேசாதே.

புதன்கிழமை பஸ்ல தூங்கிட்டேன்னு சொல்றியே, ஒரு வாரத்துல யாருக்கும் பழகாது. பழகினா சரியாயிடும். இப்பவே பின்வாங்கினா பின்வாங்கறதே பழக்கமாயிடும். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன் அப்படித்தான் கெட்டுப்போனான்.

இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. உன் இஷ்டம். நாலோ ரெண்டோ, என்னமோ பண்ணிக்க.

அண்ணன்


மார்ச் 18, செவ்வாய்

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாகிட்ட காட்டினேன். 'இஷ்டம்னு ஒரு எண் கிடையாது'ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. படிவம் இன்னும் என் பையிலயே கசங்கிக்கிட்டு இருக்கு. நாள் ஓடுது.

நேத்து ஒண்ணு நடந்துச்சு. அட்வான்ஸ் கணக்கு எடுக்கணும்னா கணக்கு டீச்சர்கிட்ட போய் ஒப்புதல் வாங்கணும். போனேன். படிவத்துல என் முகவரியைப் பார்த்தாங்க, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாங்க, உன் பேரைச் சொல்லி, 'அவன் தங்கச்சியா நீ?'ன்னாங்க. ஜன்னல் ஓரம் மூணாவது பெஞ்சைக் காட்டி, 'அங்கதான் உக்காருவான்'னாங்க. 'நான் இருபத்தெட்டு வருஷமா நடத்தறேன். கஷ்டமான கணக்கைக் கொடுத்தா எல்லாப் பிள்ளைங்களும் முகத்தைச் சுளிக்கும். உங்கண்ணன் மட்டும் சிரிப்பான். அவனுக்குன்னே தேடித் தேடிக் கணக்கு எடுத்துட்டு வருவேன். அரையாண்டுத் தேர்வுக்கு நடுவுல ஒரு நாள் வராம போயிட்டான். அப்புறம் வரவே இல்ல. எனக்கு இன்னும் ஆறல'ன்னாங்க.

ஆனா என்கிட்ட நீ சொன்னது வேற. 'எனக்குக் கணக்குன்னாலே ஆகாது, அதான் வேலைக்குப் போயிட்டேன்'னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கே. நானும் நம்பிட்டேன்.

டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க. நீயும் ஆறு அட்வான்ஸ் எடுத்திருந்தியாம்.

போன கடிதத்துல 'ஒருத்தன் கெட்டுப்போனான்'னு எழுதினியே, அது யாருண்ணா? நீ ஒண்ணும் கெட்டுப்போகல. இருநூத்திப் பதினாலு படி ஏறி, ஊர்ல யாரும் செய்ய முடியாத வேலையைச் செஞ்சுட்டு இறங்கி வர்றே. உன்னைவிடக் கெட்டிக்காரனை நான் பார்த்ததில்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லு. திட்ட மாட்டேன்.

வாலு


மார்ச் 25, செவ்வாய்

அண்ணா,

போன வியாழக்கிழமை லாரி வந்திருக்கும். உன் கடிதம் வரல. கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்கோ. ஒரு வரி எழுது.

வாலு


மார்ச் 27, வியாழன்

வாலு,

நீ ஏன் மன்னிப்பு கேக்கறே, லூசு. எழுத உக்காந்தா பேனா ஓடல, அதான். இன்னிக்குக் காத்து அதிகம், கிரேனை நிறுத்தச் சொல்லிட்டாங்க. கூண்டுல உக்காந்துதான் எழுதறேன். இங்க யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டாங்க.

நான் ஆறு எடுத்தேன். டீச்சர் சொன்னது நிஜம்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. எல்லாரும் மூணு எடுத்தாங்க, எனக்கு ஆறும் வேணும்னு இருந்துச்சு. ஆரம்பத்துல ஜோரா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுல பின்தங்குவேன், அதைப் பிடிக்கப் போனா இன்னொண்ணு போயிடும். யார்கிட்டயும் சொல்லல. அம்மா கேட்டா 'சூப்பரா போகுதும்மா'ம்பேன். அரையாண்டுல கணக்குத் தாளைக் கையில கொடுத்தாங்க. என் கணக்கு, எனக்கு உயிரான கணக்கு. முதல் கேள்வியைப் படிச்சேன், புரியல. ரெண்டாவது புரியல. என் தேர்வு எண்ணையே எழுத வரல, கை அப்படியே நின்னுடுச்சு. வெளிய வந்துட்டேன். அடுத்த தேர்வுகளுக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி, பூங்காவுல போய் உக்காந்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன்.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் அசிங்கம். ஸ்கூல் ஆபீஸ்ல விலகல் படிவம் வாங்கி, அம்மா கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து பார்க்கறதே தொழிலா வெச்சிருக்கற அம்மாவோட கையெழுத்தை. அப்புறம் வீட்டுக்கு வந்து, 'படிப்பு பிடிக்கல, நின்னுட்டேன், வேலைக்குப் போறேன்'னு சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை கேக்கல. எனக்குப் பதினேழு, உனக்கு ஆறு. நீ என் முதுகுல ஏறி விளையாடிக்கிட்டு இருந்தே.

எங்க வேலையில ஒரு விதி உண்டு. தூக்குன்னு சைகை காட்ட கீழே ஒருத்தருக்குத்தான் உரிமை. ஆனா நிறுத்துன்னு யார் வேணும்னாலும் காட்டலாம், டீ கொண்டு வர்றவர் காட்டினாலும் நான் நிறுத்தியாகணும். அன்னிக்கு எனக்கு நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்லாம இல்ல. யார் கண்ணுலயும் படாம நான்தான் ஒளிச்சு வெச்சேன்.

உன்னை ஏன் ஆறுக்குப் பிடிச்சுத் தள்ளினேன்னு யோசிச்சேன். நம்ம வீட்டுல ஒருத்தர் அந்த ஆறையும் முடிச்சுக் காட்டிட்டா என் மனசு அடங்கிடும்னு இருந்திருக்கேன் போல. உனக்காகன்னு நினைச்சேன், பாதி எனக்காகத்தான். நீ ஒரு வாரம் செஞ்சு பார்த்துட்டு இது சரிவராதுன்னு வாயைத் திறந்து சொன்னே பாரு. பதினாறு வயசுல, முன்கூட்டியே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. எனக்கு அந்தத் தைரியம் இல்ல வாலு. உன்னை நினைச்சா எனக்குப் பெருமையாவும் இருக்கு, கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு.

இதை அம்மாகிட்ட சொல்லிடாதே. இத்தனை வருஷம் கழிச்சு அவங்க மனசு நோகக் கூடாது.

உன் படிவத்துக்கு என் முடிவு: நாலு. டிராயிங்கையும் சேர்த்துக்க.

அண்ணன்


ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணா,

இவ்வளவு பெரிய கணக்குப் புலி, அந்த 'நாலு'வைத் தனிக் காகிதத்துல எழுதி இருக்கக் கூடாதா? அம்மா உன் கையால எழுதினதைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்கன்னு சொன்னேன்ல. நீ என்னடான்னா, கையெழுத்து போட்டது, அம்மாகிட்ட சொல்லாதேங்கறது, நாலுங்கறது எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சிருக்கே.

நான் என்னால ஆனதைச் செஞ்சேன். கடைசி ரெண்டு வரி மட்டும் தெரியற மாதிரி தாளை மடிச்சு மேஜையில வெச்சு, மேல என் கையையும் வெச்சுக்கிட்டேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து, 'மடிச்ச காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்து போடற வழக்கம் எனக்கு இல்ல'ன்னு என் கையை எடுத்துட்டுத் தாளை விரிச்சாங்க. முழுசா படிச்சாங்க. அடுப்பை அணைச்சுட்டு வந்து மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சாங்க.

அப்புறம் சொன்னாங்க, 'இது எனக்குத் தெரியும்'னு.

நீ படிவம் கொடுத்த மறுநாளே ஸ்கூல்லேர்ந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்காங்க. ஆபீஸ்ல இருந்தவர் அந்தப் படிவத்தை முன்னாடி வெச்சு, 'இது உங்க கையெழுத்துதானா?'ன்னு கேட்டிருக்கார். அம்மா பார்த்திருக்காங்க. 'ஆமா, என்னோடதுதான்'னுட்டு வந்துட்டாங்க.

ஏம்மா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். 'இல்லன்னு சொன்னா, கள்ளக் கையெழுத்து போட்டவன்னு அவன் ஏட்டுல எழுதிடுவாங்க. அப்புறம் எந்த ஸ்கூல் சேர்த்துக்கும்? என்னிக்காவது திரும்பப் படிக்கறேன்னு வந்து நின்னா வழி இருக்கணும்ல'ன்னாங்க. 'அவனா வந்து சொல்லுவான்னு இருந்தேன். இப்பத்தான் சொல்லி இருக்கான்'னாங்க. கோபமே இல்லண்ணா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, அது தூசிக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். நான் உன்னைப் பத்தி நினைச்ச மாதிரியே அன்னிக்கு முழுக்க அம்மாவைப் பத்தி நினைச்சுக்கிட்டு இருந்தேன். எப்படிப்பட்ட வீட்டுல பொறந்திருக்கேன் பாரு.

என் படிவத்துல கையெழுத்து போட்டாச்சு. நாலு அட்வான்ஸ், வரலாறு, டிராயிங். நேத்தே கொடுத்துட்டேன். காலேஜ் கிடைக்குமோ கிடைக்காதோ, இந்த நாலையும் நான் சிரிச்சுக்கிட்டே செய்வேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்.

இதோட இன்னொரு படிவம் வெச்சிருக்கேன், பார். இது என் வேலை இல்ல, அம்மா வேலை. இன்னிக்குக் காலையில அரை நாள் லீவு போட்டுட்டு ஸ்கூலுக்கு வந்து, கணக்கு டீச்சரையும் கூட்டிக்கிட்டு ஆபீஸ்ல நின்னு வாங்கினாங்க. தனித்தேர்வர் படிவம். வெளியிலேர்ந்து தேர்வு மட்டும் எழுதறவங்களுக்கு. பாடம்ங்கற இடத்துல எட்டுக் கட்டம் இருக்கு, எதுலயும் டிக் போடல. அது நீதான் போடணும். ஒண்ணே ஒண்ணு போடு, போதும். பலகையைப் பத்து மீட்டர் பக்கத்துல உருட்டிக் கொண்டுவந்தா உன் கிரேன் முனகாமத் தூக்கும்னு நீயே எழுதி இருக்கே. தேர்வுக்கு முழுசா ஒரு வருஷம் இருக்கு. டீச்சர் பழைய வினாத்தாள் எல்லாம் கட்டி வெச்சிருக்காங்க.

கீழே ஓரமா ஒரு கையெழுத்து இருக்கும். இருபத்தேழு வயசு ஆளுக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லம்மான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. 'உங்களுக்குத் தேவையில்ல, எனக்குத் தேவை'ன்னு போட்டுட்டாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க: 'அன்னிக்கு அவன் போட்டது என் கையெழுத்து மாதிரியே இல்ல. எப்படி இருக்கும்னு இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.'

வாலு


ஏப்ரல் 10, வியாழன்

வாலு,

போன வியாழக்கிழமை உன் கவர் வந்துச்சு. கூண்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சேன். கீழேர்ந்து வாக்கி டாக்கில 'தூக்கு, தூக்கு'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. கண்ணுல தூசி, அஞ்சு நிமிஷம் இருங்கன்னேன். இந்த வேலைக்கு வந்து நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அம்மா கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க சொன்னது சரி, நான் போட்டது அந்த மாதிரியே இல்ல.

டிக் போட்டுட்டேன். கணக்கு மட்டும். இந்தத் தடவை கை நிக்கல. வாரம் முழுக்கப் பழசைப் புரட்டினேன். அன்னிக்கு என்கிட்ட கத்தின இன்ஜினியர் இருக்கார்ல, விஷயத்தைக் கேட்டுட்டு அவர் காலேஜ் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கார். சாப்பாட்டு வேளையில ரெண்டு பேரும் சிமென்ட் மூட்டை மேல உக்காந்து கணக்கு போடறோம். நேத்து அவர் போட்டதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு வாலு. டீச்சர்கிட்ட மறக்காம சொல்லு.

நீ அந்தக் காலேஜுக்குப் போவே. போகலன்னாலும் எங்கயாவது உக்காந்து பாலம் வரைவே, அதுக்கு நான்தான் கிரேன் ஓட்டுவேன்.

இந்தக் கடிதத்தை மடிக்காம அம்மாகிட்ட கொடு. கீழே என் கையெழுத்தை ரெண்டு தடவை போட்டிருக்கேன், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கச் சொல்லு. ரொம்ப நாளைக்கு முன்னாடி தொலைச்ச பொருள் ஒண்ணு அவங்க கவுன்ட்டர்ல பத்திரமா இருக்குன்னு கேள்விப்பட்டேன், வாங்கிக்க வந்திருக்கேன்னு சொல்லு.

அண்ணன்

அண்ணன்